குறையாத சருகு

மே 12

நூற்றைம்பது பைகளும் இன்று தோப்புக்கு வந்துவிட்டன. சாண் நீளம், சாண் அகலம், நைலான் வலைப் பை. ஒவ்வொன்றிலும் ஓவனில் காயவைத்த சவுக்குச் சருகு, சரியாக இருபது கிராம். மூன்று நாள் உட்கார்ந்து நிறுத்தேன். சவுக்குச் சருகு ஊசி ஊசியாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது நகத்துக்குள் போகும் என்பது எனக்கு இப்போது தெரியும்.

மாதம் பதினைந்து பைகளை எடுத்து மறுபடி நிறுக்க வேண்டும். எவ்வளவு எடை குறைந்திருக்கிறதோ அவ்வளவு சருகு மக்கி மண்ணோடு சேர்ந்திருக்கிறது என்று கணக்கு. கடற்கரை மணலில் எருவும் இல்லாமல் உரமும் இல்லாமல் சவுக்கு எதைத் தின்று வளர்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வதென்று வைத்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை.

காவலுக்கு உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்திருக்கிறேன். பெயர் வைரக்கண்ணு, வயது ஐம்பத்தெட்டு. ஆடு மேயாமலும் சருகு வாரும் பெண்கள் உள்ளே வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் எதிரிலேயே பத்துப் பைகளை நிறுத்துக் காட்டி, ‘பை 150, எடை தலா 20 கிராம், பெற்றுக்கொண்டேன்’ என்று ஒப்படைப்புப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினேன். பல்கலைக்கழகத்தில் குண்டூசிக்கும் பதிவேடு உண்டு. மனிதர் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். எழுதத் தெரியாதோ என்று நினைத்தேன். போட்டபோது பார்த்தால் கையெழுத்து என்னுடையதைவிட அழகு.

“சருகுதானம்மா இது?”

“சருகுதான்.”

“சருகுக்கு கிராம் கணக்கா?”

“ஆமா.”

“சரிம்மா. நான் பொறுப்பு.”

மாதிரிக்கென்று கூடுதலாகக் கட்டிய ஒரு பையை, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, அவரிடமே கொடுத்துவைத்தேன். யாராவது தூக்கிப்போனால் அடையாளம் தெரியட்டும்.

மே 13

வெயில். தோப்புக்குப் பக்கத்தில் பிடித்திருக்கும் வாடகை அறையில் ஓவனை இறக்கும்போது சுண்டுவிரல் நசுங்கியது.

ஜூன் 12

முதல் அறுவடை. பதினைந்து பைகளையும் எடுத்து வந்து, காயவைத்து, நிறுத்தேன். சராசரி 18.1 கிராம். நியாயமான குறைவு. பைகளில் மணலே இல்லை. கடற்கரையில் மணலில்லாத பை கிடைப்பது அபூர்வம், வலையின் கண் அளவைச் சரியாகத் தேர்ந்திருக்கிறேன்.

தோப்பு சுத்தமாக இருக்கிறது. ஓர் ஆட்டுப் புழுக்கைகூட இல்லை. வைரக்கண்ணுவைப் பாராட்டினேன். “காவல்னா காவல்மா” என்றார்.

ஜூன் 27

நான் டாக்டர் பட்டத்துக்குப் படிப்பதாக யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். காலையில் ஒரு பெண் கழுத்து வீக்கத்தைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் அந்த டாக்டர் இல்லை, சருகு டாக்டர் என்றேன். பரவாயில்லை, பாருங்கள் என்றாள். நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். வைரக்கண்ணுவும் இப்போது ‘டாக்டரம்மா’ என்கிறார். இன்னும் ஆகவில்லை என்று இரண்டு முறை திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். முப்பத்து நான்கு வயதில் திருத்திக்கொண்டே இருப்பதும் அலுப்பு.

ஜூலை 12

சராசரி 18.0.

இரண்டு முறை நிறுத்தேன். தராசைச் சரிபார்த்து மூன்றாம் முறை நிறுத்தேன். முதல் மாதம் இரண்டு கிராம் குறைந்தது, இரண்டாம் மாதம் ஒன்றுமே குறையவில்லை.

ஜூலை 14

என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியருக்கு, கைடுக்கு, போன் செய்தேன். எட்டு வருடத்தில் முதன்முறையாக நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. “உப்புக் காத்தும்மா. உப்பு ஏறின மணல்ல நுண்ணுயிர் செத்துடுது. சருகு மக்கறதே இல்ல. இது புதுசு, இதுவரைக்கும் யாரும் சொல்லாதது” என்றார். கூடவே, “மணிமொழி, நீ வெயில்ல ரொம்ப அலையாத” என்றும் சொன்னார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்று இன்றுதான் தெரிந்தது.

இரவு ரவா உப்புமா. முந்திரி போட்டேன்.

ஆகஸ்ட் 12

18.2. போன மாதத்தைவிட ஒரு துளி அதிகம். அளவுப் பிழை.

ஆகஸ்ட் 20

லேபில் என் சருகுக்கு நைட்ரஜன் அளவு பார்ப்பது ரெஜினா. என்னோடு சேர்ந்தவள், எனக்கு முன்னால் பட்டம் வாங்கியவள். இன்று போனில் கூப்பிட்டாள்.

“ஏய், மூணு மாசம் மண்ணுல கெடந்த சருகாடி இது? நைட்ரஜன் நேத்து விழுந்த சருகு மாதிரியே காட்டுது. பையில யாராச்சும் கை வைக்கிறாங்களா பாரு.”

அதுதான் கண்டுபிடிப்பே என்றேன். மக்கவில்லை, அதனால் மாறவில்லை.

“மக்காட்டியும் நெறமாவது மாறணும்ல?”

எட்டு வருடம் எனக்கு ஒன்றும் கிடைக்காதபோது ரெஜினா மிகவும் அன்பாக இருந்தாள். இப்போது குரலில் ஒரு மாற்றம் தெரிகிறது. பொறாமை என்ற சொல்லை நான் எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 21

ரெஜினா இரண்டு முறை அழைத்திருக்கிறாள். வேலையாக இருந்தேன். துணி துவைத்தேன்.

செப்டம்பர் 12

18.1.

பைகளை நான் ஒற்றை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தேன். இன்று எடுத்த பதினைந்தில் பதினொன்று இரட்டை முடிச்சு. அலையும் காற்றும் நைலான் நூலை முறுக்கும். அப்படித் தானாக விழுந்திருக்கலாம்.

செப்டம்பர் 13

நைலான் நூலில் முடிச்சு தானாக விழுமா என்று கொஞ்ச நேரம் நூலை வைத்துக்கொண்டு உலுக்கிப் பார்த்தேன். நானே மறந்துபோய் இரட்டையாகப் போட்டிருப்பேன். நூற்றைம்பது பை, மூன்று நாள், யாருக்கு ஞாபகம் இருக்கும்.

ஜனவரியில் சென்னையில் நடக்கும் கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பியாகிவிட்டது. தலைப்பில் என் பெயர் முதலில். கைடு வனத்துறைக்காரர் ஒருவரிடமும் பேசியிருக்கிறார். சருகு மக்கி மண்ணுக்குப் போவதே இல்லையென்றால் அதை வாரிச் செங்கல் சூளைக்கு விற்றால் மரத்துக்கு என்ன நஷ்டம் என்று அவர் கேட்டாராம். நல்ல கேள்வி என்றார் கைடு.

அக்டோபர் 12

18.0. இப்போதெல்லாம் நிறுப்பதற்கு முன்பே எண்ணை எழுதிவிடலாம் போலிருக்கிறது.

அக்டோபர் 19

வைரக்கண்ணுவுக்குக் காய்ச்சல். நான்கு நாளாக விடவில்லை. கண்கள் மஞ்சள். அவர் மனைவி தையல்நாயகி ஆட்டோவில் நாகப்பட்டினம் கொண்டுபோனார். எலிக் காய்ச்சல் என்று படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். ஒரு மாதம் வேலைக்கு வர முடியாது. ஹார்லிக்ஸ் வாங்கிப் போய்க் கொடுத்தேன். காவலாளி நலம் ஆராய்ச்சிக்குத் தேவை.

படுத்துக்கொண்டே கையைப் பிடித்துக்கொண்டார். “டாக்டரம்மா, பையெல்லாம் அங்க தனியா கெடக்கும்மா.”

“கெடக்கட்டும். மழையில யாரு வருவா?”

“அப்புடிச் சொல்லாதீங்க. மழையிலதாம்மா எல்லாம் போவும்.”

ஜுரத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

அக்டோபர் 30

மழை. ஓவனில் துணி காயவைத்தேன். யாரிடமும் சொல்வதற்கில்லை.

நவம்பர் 12

15.4.

நவம்பர் 13

மறுபடி நிறுத்தேன். பதினைந்து பைகளும் 15, 16க்குள். நிறம் கறுத்திருக்கிறது. பிரித்தால் மண்புழு நாற்றம். சருகு விரலில் பொடிகிறது. மரவட்டை ஒன்று உள்ளே சுருண்டு கிடந்தது. புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, மக்கும் சருகு, அது மாதிரியே இருக்கிறது.

பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன். மேசையில் இடம் இல்லாததால் இருக்கலாம்.

நவம்பர் 15

கைடு சொன்னது: “வெள்ளத்துல அடிச்சிருக்கும். நவம்பரை மட்டும் விட்டுடு. ‘அதீத மழையால் பாதிப்பு’ன்னு அடிக்குறிப்பு போடு.” போட்டேன். தோப்பில் வெள்ளம் ஏறவில்லை. மணலில் மழை நிற்காது என்பது ஆராய்ச்சி செய்யாதவர்களுக்கும் தெரியும்.

நவம்பர் 27

வைரக்கண்ணு திரும்ப வேலைக்கு வந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. உட்காருங்கள் என்றேன், கேட்கவில்லை. நேரே தோப்புக்குள் போனார். அரை மணியில் திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

“கை வச்சுட்டாளுவம்மா. நான் இல்லாத நேரம் பாத்து எல்லாத்துலயும் கை வச்சுட்டாளுவ.”

யார் என்றேன். சருகு வாரும் பெண்கள் என்றார். அவர்களுக்குத் தோப்பு முழுக்கக் கூடை கூடையாகச் சருகு கிடக்கிறது, பைக்குள் இருக்கும் ஒரு பிடியை எடுத்து என்ன செய்வார்கள் என்றேன். “அது எனக்கும் புரியலம்மா. ஆனா எடை போயிருக்கே” என்றார்.

எடை போயிருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்காததை இங்கே எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 2

சருகு வாரும் பெண்கள் நான்கு பேர் வந்து முறையிட்டார்கள். வைரக்கண்ணு அவர்களுடைய கூடைகளைக் கொட்டிச் சோதனை போட்டாராம். “ஏந்தாயீ, சருகத் திருடினோம்னு சொன்னா ஊரு சிரிக்காதா? இந்தக் கெழவருக்கு ஜுரம் எறங்குச்சு, கிறுக்கு எறங்கல” என்றாள் மூத்தவள். நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

டிசம்பர் 9

வழக்கமாக நான் பன்னிரண்டாம் தேதிதான் தோப்புக்குப் போவேன். இன்று காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போனேன். குடை மறந்து வைத்துவிட்டேன் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். குடை கையில் இருந்தது.

மூன்றாம் வரிசைக்கு அப்பால், தாழ்ந்த கிளை ஒன்றில் ஒரு தராசு தொங்கியது. சவுக்குக் குச்சி, நடுவில் கயிறு, இரண்டு பக்கமும் கொட்டாங்கச்சி. ஒரு கொட்டாங்கச்சியில் மே மாதம் நான் மாதிரிக்குக் கொடுத்த பை, உறை பிரிக்காமலே. மற்றதில் என் முப்பத்தேழாம் எண் பை, வாய் பிரித்தபடி. வைரக்கண்ணு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மடியிலிருந்து புதுச் சருகை ஒவ்வோர் ஊசியாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். குச்சி சமமாக நின்றதும் மூச்சு விட்டார். மணலைத் தட்டினார். இரட்டை முடிச்சுப் போட்டார். எடுத்த இடத்திலேயே வைத்து, கம்பிக் கொக்கியைக் குத்தினார். நான் லேபில்கூட இவ்வளவு சுத்தமாக வேலை பார்த்ததில்லை.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. சந்தோஷப்பட்டார்.

“வாங்கம்மா. நல்ல நேரத்துல வந்தீங்க. நாப்பது பை சரி பண்ணிட்டேன். இன்னும் இருவதுதான் பாக்கி. ஒங்ககிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“எத்தனை நாளா இது?”

“மொத நாள்லேருந்தும்மா. ஒரு நாளைக்கு இருவத்தஞ்சு பை. ஆறு நாள்ல ஒரு சுத்து. என்னமோ தெரியல, வாராவாரம் கொஞ்சம் கொறையுது. எலியா எறும்பா தெரியல. நானும் விடல. கையெழுத்துப் போட்டு வாங்குன சரக்காச்சே. ஜுரம் வந்தப்பதான் தவறிப்போச்சு.”

ஏழு மாதம். என் பதினெட்டு கிராம் எங்கிருந்து வந்தது என்பது அந்த இடத்திலேயே புரிந்தது. உறைக்குள் ஈரம் ஏறாத மாதிரிப் பை இருபது; அவர் வெளியில் கிடந்த சருகைப் போட்டு அந்த இருபதுக்குக் கொண்டுவருகிறார். அதில் பத்தில் ஒரு பங்கு காற்றின் ஈரம். என் ஓவன் அந்த ஈரத்தை எடுத்துவிடுகிறது. மீதி பதினெட்டு. உப்புக் காற்றும் இல்லை, செத்த நுண்ணுயிரும் இல்லை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது நினைவில்லை. ‘யார் உன்னைத் தொடச் சொன்னது’ என்று ஒருமையில் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. என் அப்பா வயது. அவர் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“கூடப் போட்டுட்டேனாம்மா?” என்றார்.

டிசம்பர் 10

தலைவலி. பால் திரிந்துவிட்டது.

டிசம்பர் 13

கைடிடம் சொன்னேன். அவர் நிதானமாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. கருத்தரங்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. என் உதவித்தொகை மார்ச்சில் முடிகிறது, இன்னொரு நீட்டிப்பு கிடையாது. இதெல்லாம் உனக்குத் தெரியும் என்றார். தெரியும்.

“ஒண்ணு பண்ணலாம். காவலாளி திட்டமிட்டு மாதிரிகளைச் சேதப்படுத்தினான்னு அவன்கிட்டயே எழுதி வாங்கு. கையெழுத்தோட. அதை வச்சு ஒரு வருஷம் நீட்டிப்பு கேக்கலாம். உன் தப்பு இல்லேன்னு ஆயிடும். ஆளை உடனே நிறுத்திடு.”

சரி சார் என்றேன். எட்டு வருடமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை.

டிசம்பர் 18

தட்டச்சு செய்த தாளை எடுத்துக்கொண்டு வைரக்கண்ணு வீட்டுக்குப் போனேன். அரைப் பக்கம்தான். ‘எனது பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட மாதிரிகளில் நான் முறைகேடு செய்தேன்’ என்று ஆரம்பிக்கும். தையல்நாயகி நாற்காலி போட்டு, டீ கொடுத்து, வாசற்படியில் நின்றுகொண்டார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர்.

வைரக்கண்ணு படித்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல், தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

“திருடலன்னு இதுல எங்கயாச்சும் இருக்காம்மா?”

இல்லை என்றேன்.

“போன தடவையும் இல்ல” என்றார்.

போன தடவை என்றால் என்ன என்று கேட்டேன். சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன் அவர் ஒரு நெல் கிடங்கில் காவலாளி. அறுவடை முடிந்த கையோடு ஆயிரத்து இருநூறு மூட்டை நெல் நிறுத்து வாங்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான்கு மாதம் கழித்து அரவைக்கு அனுப்பும்போது நிறுத்தால் நாற்பத்தோரு மூட்டை எடை குறைகிறது. சாக்குகள் எண்ணிக்கை சரி. எடை மட்டும் இல்லை. எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். தெருவில் ‘நெல்லுத்திருடன்’ என்று பெயர்.

“நான் ஒரு மணி எடுக்கலம்மா. ஆனா நெல்லு போயிருக்கு. அப்ப வேற யாரு? அங்க எடை போடுறவர் எம்மச்சான் சிங்காரவேலு. இவ கூடப்பொறந்த அண்ணன். சாவி எங்க ரெண்டு பேருகிட்டதான். நானில்லேன்னா அவருதான? ஊரு நடுவுல வச்சுக் கேட்டுப்புட்டேன். அதோட முடிஞ்சுபோச்சு. வருசா வருசம் பொங்கச் சீரு கொடுத்தனுப்புவாரு. வருசா வருசம் திருப்பி அனுப்பிடுவேன்.”

வாசற்படியில் நின்ற தையல்நாயகி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். டம்ளரில் இன்னும் டீ இருந்தது.

“அதாம்மா இந்த தடவ உஷாரா இருந்தேன். ஒரு ஊசி கொறையக் கூடாதுன்னு.”

பையிலிருக்கும் சருகு குறையத்தான் வேண்டும் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். ஏழு மாதமாகச் சொல்லவில்லை. காவலாளிக்கு எதற்கு என்று நினைத்திருந்தேன். மரம் சருகைக் கொட்டுகிறது, அதைப் புழுவும் பூஞ்சையும் தின்கின்றன, தின்றது மண்ணில் இறங்குகிறது, வேர் அதை எடுத்துக்கொள்கிறது, மறுபடி இலையாகிறது. குறைந்தால்தான் மரத்துக்குச் சாப்பாடு. எவ்வளவு குறைகிறது என்று பார்க்கத்தான் நான் வந்தேன்.

“அப்ப யாரும் எடுக்கல?”

“யாரும் எடுக்கல. அதுவா குறையும்.”

அவர் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

“நெல்லும் கொறையுமாம்மா?”

நெல் மக்காது, ஆனால் காயும் என்றேன். அறுத்ததும் ஈரமாக வரும், கிடங்கில் கிடந்தால் ஈரம் போகும், ஈரத்தோடு எடையும் போகும். பேனாவை எடுத்து, கையில் இருந்த அந்தத் தாளைத் திருப்பிப்போட்டு, அதன் முதுகில் கணக்குப் போட்டேன். நூற்றுக்குப் பதினேழு பங்கு ஈரத்தோடு வந்த நெல் பதினான்குக்கு இறங்கினால், ஆயிரத்து இருநூறு மூட்டைக்கு எவ்வளவு போகும்? நாற்பத்திரண்டு மூட்டை வந்தது. இரண்டாம் முறை போட்டேன். நாற்பத்திரண்டு. உங்கள் கிடங்கில் அதைவிட ஒரு மூட்டை கூடவே இருந்திருக்கிறது என்றேன்.

நான் இதை ஒரு நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து தையல்நாயகியின் குரல் வந்தது, உரக்கவே:

“எங்கண்ணன் எடுக்கல. எங்கண்ணன் எடுக்கல. நான் சொன்னா எவன் கேட்டான்?”

அதற்குமேல் அங்கே உட்கார்ந்திருக்க எனக்குத் துணிவில்லை. கையெழுத்து வாங்கவில்லை.

டிசம்பர் 19

தாளை அனுப்பச் சொல்லிக் கைடு இரண்டு முறை செய்தி போட்டார். நெட் கிடைக்கவில்லை என்று பதில் போட்டேன். அந்தப் பதில் உடனே போய்ச் சேர்ந்தது.

டிசம்பர் 27

கடிதம் அனுப்பிவிட்டேன். கைடுக்கும், கருத்தரங்குக்காரர்களுக்கும், வனத்துறைக்கும் ஒரே கடிதம். நவம்பர் வரை எடுத்த எடைகள் செல்லாது. களப் பணியாளருக்குச் சோதனையின் நோக்கத்தை நான் விளக்கவில்லை, பிழை என்னுடையது. சருகு மக்குகிறது, சருகை வார விட வேண்டாம். செப்டம்பரிலேயே முடிச்சுகள் மாறியிருந்ததைக் கண்டும் விசாரிக்கவில்லை என்று ஒரு வரி. அந்த வரியை மூன்று முறை அழித்தேன். நான்காம் முறை இருந்துவிட்டது.

பயமாக இருக்கிறது.

டிசம்பர் 30

கைடு போனில் பேசவில்லை, எழுதினார். உதவித்தொகை மார்ச்சோடு சரி. சொந்தப் பொறுப்பில் தொடர்வதானால் இன்னும் ஒரு வருடம் பதிவு இருக்கும். ‘உன் நேர்மையைப் பாராட்டுகிறேன்’ என்று கடைசியில் ஒரு வரி. பாராட்டு மாதிரி இல்லை.

நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் வாரத்துக்கு நான்கு வகுப்பு எடுக்க ஆள் தேடுகிறார்கள். விண்ணப்பம் போட்டேன்.

ஜனவரி 4

புதிதாக நூற்றைம்பது பை. வைரக்கண்ணுதான் காவல். இந்த முறை ஏன் எதற்கு என்று முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “புரிஞ்சுதும்மா. இந்த தடவ எவ்வளவு கொறையணும்னு மட்டும் சொல்லிடுங்க, அதுக்குத் தக்கன பாத்துக்கறேன்” என்றார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்புறம்தான் அவர் மீசைக்குள் சிரிப்பது தெரிந்தது. கிளையில் தொங்கிய தராசை அவரே அவிழ்த்து அடுப்பில் வைத்துவிட்டாராம்.

ஜனவரி 11

வைரக்கண்ணு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

“டாக்டரம்மா, நெல்லு தானாக் கொறையும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. கணக்கோட. சீல் வச்சு.”

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எழுதினேன். இவ்வளவு ஈரத்தோடு வந்தது, இவ்வளவு காய்ந்தது, இவ்வளவு எடை போனது, யாரும் எடுக்கவில்லை. ‘யாரும் எடுக்கவில்லை’ என்பது அறிவியல் வாக்கியம் இல்லை, ஆனால் அதைத்தான் அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கையெழுத்துக்கு மேலே ‘டாக்டர்’ என்று போடச் சொன்னார். போடவில்லை, ஆராய்ச்சி மாணவி என்று போட்டேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு. பதிவேட்டுக்கு வைத்திருக்கும் சீலை இரண்டு இடத்தில் குத்தினேன்.

ஜனவரி 16

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. அம்மாவிடம் வேலை இருக்கிறது என்றேன்.

காலையில் வைரக்கண்ணு ஒரு கட்டுக் கரும்போடு வந்தார். தனியாக. போகியன்றே இருவரும் தையல்நாயகியின் ஊருக்குப் போயிருந்தார்கள்.

“மச்சான் என்ன சொன்னாரு?” என்றேன்.

“தாளை வாங்கிப் படிச்சாரு. ரெண்டு தரம் படிச்சாரு. மடிச்சு எங்கிட்டயே குடுத்துட்டாரு.”

“ஒண்ணுமே சொல்லலையா?”

“‘இதத்தானடா அன்னிக்கே சொன்னேன், நெல்லு காஞ்சிருக்குடான்னு’ன்னாரு.”

“நெஜமாவே சொன்னாரா அன்னிக்கு?”

“சொன்னாரும்மா. நேத்து அவரு சொன்னப்புறம் எனக்கே ஞாபகம் வந்துருச்சு. கெடங்கு வாசல்ல நின்னு, கையில நெல்ல அள்ளி வச்சுக்கிட்டு, ‘மாப்ள, கடிச்சுப் பாரு’ன்னு சொன்னாரு. நான்தான் கையத் தட்டிவுட்டேன்.”

கரும்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். தையல்நாயகி எப்போது வருகிறார் என்று கேட்டேன்.

“நாலு நாள் இருந்துட்டு வர்றேன்னா. அண்ணங்காரன் கையால சோத்த வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.” வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நாலு நாள்னுதான் சொல்லியிருக்கா. பதினோரு வருசம் ஆனாலும் நான் கேக்க முடியாதும்மா.”

நாளை பை எடுக்கும் நாள் இல்லை, முதல் பதினைந்துக்கு பிப்ரவரி ஆக வேண்டும். இருந்தாலும் காலையில் இங்கே வரவா என்று கேட்டார். வாருங்கள் என்றேன்.